இருப்பு எவ்வளவு என்று உங்கள் வாலட் யாரைக் கேட்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய லேப்டாப்பில் பிட்காயின் முழு நோடு ஒன்றை, அதாவது பரிவர்த்தனை வரலாறு முழுவதையும் இறக்கிச் சரிபார்க்கும் மென்பொருளை, ஓட விட்டேன். அதன் மேல், வாலட்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் எலக்ட்ரம் வகை சர்வர் ஒன்றை ஏற்றி, என் போனில் இருந்த லைட் வாலட்டை (வரலாற்றைத் தானே வைத்துக்கொள்ளாமல் சர்வரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாலட்) அதோடு இணைத்தேன். இணைப்பு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகச் சர்வரின் லாகை, அதாவது நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவேட்டை, விரிவாக எழுதும்படி மாற்றி வைத்திருந்தேன். போனில் வாலட்டைத் திறந்ததும் லேப்டாப் திரையில் கடகடவென்று வரிகள் ஓடின. ஒவ்வொரு வரியும் என் பிட்காயின் முகவரிகளில் (பணம் பெறும் கணக்கு எண்கள் போன்றவை) ஒன்றைப் பற்றிய கேள்வி. எப்போதோ ஒரே ஒரு முறை பயன்படுத்தி மறந்துபோன முகவரி, போன வாரம் ஒருவரிடம் கொடுத்த முகவரி, மீதிச் சில்லறை வந்து சேர வாலட் தானாகவே உண்டாக்கிக்கொண்ட முகவரிகள், இன்னும் யாருக்குமே கொடுக்காத முகவரிகள். எல்லாம் ஒன்றிரண்டு நொடிக்குள், ஒரே ஐபி முகவரியிலிருந்து, ஒரே வரிசையில்.

அந்த லேப்டாப் என்னுடையதுதான். ஆனால் அதற்கு முந்தைய நாள் வரை இதே வாலட் இதே கேள்விகளை, முகம் தெரியாத யாரோ ஒருவரின் சர்வரிடம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் நின்று பார்த்தால் நான் எப்படித் தெரிவேன் என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அன்றிலிருந்து லைட் வாலட்களின் தனியுரிமை என்பது எனக்கு விடாப்பிடியான அக்கறையாகிவிட்டது. இவ்வளவு பேர் அன்றாடம் பயன்படுத்தும் ஒரு கருவி இவ்வளவு சத்தமாகப் பேசுகிறது, பயன்படுத்துகிறவருக்கு அது கேட்பதே இல்லை.

லைட் வாலட் எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளாக்செயின் எனப்படும் பிட்காயினின் முழுப் பரிவர்த்தனை வரலாறும் இன்று 600 ஜிபிக்கு மேல். அதை ஒரு போனில் வைத்துச் சரிபார்ப்பது நடக்கிற காரியமில்லை. 2008-ல் வெளியான பிட்காயின் வெள்ளை அறிக்கையே இதை முன்கூட்டி யோசித்து ஒரு வழி சொல்லியிருந்தது. பரிவர்த்தனைத் தொகுப்புகளான பிளாக்குகளின் தலைப்புகளை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்; ஒரு தலைப்புக்கு 80 பைட். 10 நிமிடத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 4.2 மெகாபைட். 9 லட்சத்தைத் தாண்டிவிட்ட பிளாக்குகளுக்கும் சேர்த்து 70 மெகாபைட் சொச்சம்தான். ஒரு பரிவர்த்தனை ஒரு பிளாக்குக்குள் இருக்கிறதா என்று பார்க்க, அந்தப் பிளாக்கில் 4,000 பரிவர்த்தனைகள் இருந்தாலும், 12 ஹாஷ்கள் (தரவின் கைரேகை போன்ற சிறு எண்கள்) கொண்ட ஒரு சிறு சான்று போதும். நானூறு பைட்டுக்கும் குறைவு. இந்த வடிவமைப்பின் அழகில் எனக்கு இன்றும் வியப்பு குறையவில்லை.

ஆனால் அந்தச் சான்றை யாரோ ஒருவர் தரவேண்டும். தரவேண்டுமென்றால் எதற்குச் சான்று வேண்டும் என்று நாம் சொல்லியாக வேண்டும். சிக்கல் முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது. தந்த சான்று பொய்யா என்று வாலட்டால் சரிபார்க்க முடியும். கேட்ட கேள்வியைத் திரும்ப வாங்க முடியாது.

"பிளாக்செயினே எல்லோருக்கும் திறந்து கிடக்கிறதே, முகவரியைக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?" என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். பிளாக்செயினில் இருப்பவை முகவரிகள். அவற்றில் எவையெவை ஒரே ஆளுக்குச் சொந்தம் என்று அங்கே எழுதியிருக்காது. ஊகிக்கலாம், நிறுவ முடியாது. அந்த ஆள் எங்கே இருக்கிறார், எத்தனை மணிக்கு வாலட்டைத் திறந்து பார்க்கிறார் என்பதும் அங்கே இருக்காது. லைட் வாலட்டின் கேள்வியில் இவை எல்லாம் ஒரே கட்டாக வந்துவிடுகின்றன. ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஊகிக்க வேண்டியதை நம் வாலட் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒப்புக்கொடுத்துவிடுகிறது.

எலக்ட்ரமையே எடுத்துக்கொள்வோம். 2011-லிருந்து இருக்கும் வாலட், நான் மதிக்கும் வாலட். அதனால்தான் அதை வைத்துப் பேசுகிறேன். ஒரு புது வாலட்டை அதில் தொடங்கினால், பணம் பெறுவதற்கு 20 முகவரிகளையும் மீதிச் சில்லறைக்கு 10 முகவரிகளையும் அது முன்கூட்டியே உருவாக்கி வைக்கிறது. இந்த முப்பதில் எதிலாவது பணம் வந்தால் சொல்லு என்று சர்வரிடம் சொல்லி வைக்கிறது. முகவரியை அப்படியே அனுப்பாமல் அதன் ஹாஷை அனுப்புகிறது என்பது உண்மை. ஆனால் அது மறைப்பு ஆகாது. சர்வர் தன் பட்டியல் முழுவதையும் அதே ஹாஷ் வரிசையில்தான் அடுக்கி வைத்திருக்கிறது. இன்னும் பயன்படுத்தாத முகவரியின் ஹாஷ் இன்றைக்கு வெறும் எண்ணாக இருக்கலாம். நாளை அதில் முதல் பணம் வந்து பிளாக்செயினில் ஏறும்போது, பழைய லாகை வைத்திருப்பவருக்கு அது யாருடையது என்று அந்த நொடியே தெரிந்துவிடும். அதாவது நாம் இனிமேல் வாங்கப்போகும் பணத்தைப் பற்றியும் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுகிறோம்.

இதைவிட மோசமான வகை ஒன்று உண்டு. நானே அதில் மாட்டியிருக்கிறேன். ஆரம்ப காலத்தில் நான் பயன்படுத்திய ஒரு போன் வாலட், முகவரிகளை ஒவ்வொன்றாகக் கேட்கவில்லை. எக்ஸ்பப் எனப்படும் நீட்டிப்புப் பொதுச்சாவியையே நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பிவிட்டது. அந்த ஒரு சாவியிலிருந்து அந்தக் கணக்கின் எல்லா முகவரிகளையும், கடந்தவை வரப்போகிறவை இரண்டையும், யார் வேண்டுமானாலும் கணக்கிட்டுக்கொள்ளலாம். பணத்தை எடுக்க முடியாது, பார்க்கலாம். என்றென்றைக்கும் பார்க்கலாம். அந்த ஆப்பில் எங்குமே இது சொல்லப்படவில்லை. பின்னாளில் அந்த நிறுவனம் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றியதாக ஒரு மின்னஞ்சல் வந்தபோதுதான் நுணுக்கிப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

சரி, ஆப்பை நீக்கிவிட்டு வேறு வாலட்டுக்கு மாறிவிட்டால் ஆயிற்று என்று நினைத்தேன். மாறிப் பார்த்தபோதுதான் அதிலிருக்கும் கஷ்டம் புரிந்தது. கடவுச்சொல்லை மாற்றுவதுபோல எக்ஸ்பப்பை மாற்ற முடியாது. புதிய 12 மீட்புச் சொற்களோடு (வாலட்டின் சாவிகளெல்லாம் பிறக்கும் ரகசியச் சொற்கள்) புதிய வாலட் தொடங்க வேண்டும். பழைய வாலட்டின் பணம் அனைத்தையும் ஒரே பரிவர்த்தனையில் அதற்கு மாற்றினால், பழைய முகவரிகள் அத்தனையும் ஒரே ஆளுடையவை என்று உலகத்துக்கே அறிவித்ததாகிவிடும். புதிய வாலட்டின் முதல் முகவரியும் பழைய பட்டியலோடு ஒட்டிக்கொள்ளும். பல உள்ளீடுகள் ஒரே பரிவர்த்தனையில் சேர்ந்தால் உரிமையாளர் ஒருவரே என்பது தெரிந்துவிடும் என்று அந்த வெள்ளை அறிக்கையின் தனியுரிமைப் பகுதியே எச்சரிக்கிறது. அதனால் பழைய வாலட்டில் இருந்ததை அப்படியே விட்டு, செலவு வரும்போது துண்டு துண்டாக அதிலிருந்தே கொடுத்துத் தீர்த்தேன். கரைந்து முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

போகிற போக்கில் ஒன்று. எக்ஸ்பப்பால் பணத்துக்கு ஆபத்தே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். எக்ஸ்பப் ஒருவர் கையில் இருந்து, அதன் கீழ் வரும் சாதாரண முகவரிகளில் ஏதாவது ஒன்றின் தனிச்சாவியும் (பணத்தைச் செலவழிக்க உதவும் ரகசியச் சாவி) கசிந்துவிட்டால், இரண்டையும் சேர்த்து மேலே இருக்கும் தனிச்சாவியையே கண்டுபிடித்துவிடலாம். இந்தச் சாவிமுறையை வரையறுக்கும் பிப் 32 என்ற பிட்காயின் மேம்பாட்டு முன்மொழிவிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது.

இதெல்லாம் ஏன் இவ்வளவு முக்கியம்? 2020-ல், வாலட் கருவிகள் விற்கும் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் வெளியே கசிந்தது. சுமார் 2,72,000 பேரின் பெயர், தொலைபேசி எண், வீட்டு முகவரி. அவர்களின் வாலட் சாவிகள் பத்திரமாகவே இருந்தன. ஆனாலும் பலருக்கு மிரட்டல்கள் வந்தன. ஏமாற்று மின்னஞ்சல்கள் ஓயாமல் வந்தன. அந்தப் பட்டியலில் ஆள் யார் என்பது இருந்தது, அவரிடம் எவ்வளவு இருக்கிறது என்பது இல்லை. வாலட் சர்வரின் லாகில் இருப்பது மற்ற பாதி. இரண்டும் ஒரே கையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. சர்வரை நடத்துகிறவர் நல்லவரா என்பது இங்கே பெரிய விஷயமில்லை. நல்லவரின் கணினியும் களவு போகும், நல்ல நிறுவனமும் ஒருநாள் விற்கப்படும். எழுதி வைக்கப்பட்ட லாக் எழுதியவரைவிட நீண்ட நாள் வாழும்.

இதைச் சரிசெய்யும் முதல் பெரிய முயற்சி 2012-ல் வந்தது. பிப் 37. பர்ட்டன் பிளூம் என்பவர் 1970-ல் கண்டுபிடித்த ஒரு தரவு வடிவத்தை அது பயன்படுத்தியது. ஒரு சல்லடையை நினைத்துக்கொள்ளுங்கள். வாலட் தன் முகவரிகளைக் கொண்டு ஒரு சல்லடை செய்து நோடுக்கு அனுப்பும். நோடு ஒவ்வொரு பரிவர்த்தனையையும் அதில் போட்டுச் சலிக்கும். வாலட்டின் முகவரிகள் நிச்சயமாக விழும். கூடவே, வேண்டுமென்றே அகலமாக வைத்த ஓட்டைகள் வழியாக, சம்பந்தமில்லாத சில முகவரிகளும் விழும். எது உண்மை, எது தற்செயல் என்று நோடுக்குத் தெரியாது. கூட்டத்தில் ஒளிந்துகொள்வது போல. படித்தபோது நானும் இது போதும் என்றே நம்பினேன்.

போதவில்லை. ஏன் என்பதை ஒரு கணக்காகப் பார்க்கலாம். பிளாக்செயினில் 10 கோடி முகவரிகள் இருப்பதாகவும், சல்லடை ஆயிரத்தில் ஒன்றைத் தவறுதலாக விடுவதாகவும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் நம் 15, 20 முகவரிகளைச் சுற்றி ஒரு லட்சம் போலிகள் நிற்கின்றன. நல்ல கூட்டம். இப்போது வாலட்டை மூடித் திறக்கிறோம். அது புதிய தற்செயல் எண்ணோடு புதிய சல்லடை செய்து அனுப்புகிறது. அதிலும் ஒரு லட்சம் போலிகள் உண்டு, ஆனால் வேறு ஒரு லட்சம். இரண்டு சல்லடைகளையும் பெற்ற நோடு இரண்டிலும் விழுபவற்றை மட்டும் எடுத்தால் மிஞ்சும் போலிகள் நூறு. மூன்றாவது சல்லடை வந்தால் ஒன்றுகூட மிஞ்சாது. நம் முகவரிகள் மட்டும் நடுத்தெருவில் நிற்கும்.

2014-ல் கெர்வே, கரமே, குரூபர், சாப்குன் ஆகிய நால்வர் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைத்தான் முறையாக நிறுவியது. 20-க்கும் குறைவான முகவரிகள் கொண்டவர்கள், அதாவது நம்மைப் போன்ற சாதாரணப் பயனர்கள், பெருமளவு அம்பலமாகிறார்கள் என்று அவர்கள் காட்டினார்கள். மறு ஆண்டு ஜோனாஸ் நிக் தன் ஆய்வேட்டில் இன்னொன்றைச் சுட்டிக்காட்டினார். அப்போது பல போன் வாலட்களுக்கு அடிப்படையாக இருந்த பிட்காயின்ஜே நிரல்தொகுப்பு, ஒவ்வொரு முகவரிக்கும் பொதுச்சாவியையும் அதன் ஹாஷையும் இரண்டையுமே சல்லடைக்குள் போட்டது. போலி ஒன்று தப்பி நிற்க இரண்டு சோதனைகளிலும் தற்செயலாகத் தேற வேண்டும். ஆயிரத்தில் ஒன்று என்பது பத்து லட்சத்தில் ஒன்றாகச் சுருங்கியது. இரண்டாவது சல்லடைக்காகக் காத்திருக்கக்கூட வேண்டாம்.

இந்தக் கதையை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிப் 37-ஐ எழுதியவர்கள் தனியுரிமையை மறந்தவர்கள் அல்லர். அதை நினைத்தே வடிவமைத்தார்கள். ஆனாலும் பல வருடங்கள் பயனர்கள் ஒரு பாதுகாப்பு இருப்பதாக நம்பிக்கொண்டு, அது இல்லாமலே வாழ்ந்தார்கள். பாதுகாப்பு இல்லை என்று தெரிந்திருந்தால் வேறு வழி தேடியிருப்பார்கள். 2019 நவம்பரில் வந்த, முழு நோடு மென்பொருளான பிட்காயின் கோரின் 0.19 பதிப்பு இந்தச் சல்லடைச் சேவையை இயல்பாகவே அணைத்து வைத்தது.

அடுத்து வந்த யோசனைதான் என் மனதுக்கு மிக நெருக்கமானது. 2017-ல் எழுதப்பட்ட பிப் 157-ம் 158-ம். சல்லடை செய்யும் வேலையை அது இடம் மாற்றிவிட்டது. வாலட் தன் முகவரிகளுக்குச் சல்லடை செய்து அனுப்ப வேண்டாம். நோடு ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு ஃபில்டர் செய்து வைக்கட்டும், எல்லா வாலட்களும் அதே ஃபில்டரை வாங்கிக்கொள்ளட்டும், வீட்டுக்குள் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளட்டும். நூலகத்தில் ஒரு குறிப்பிட்ட பக்கத்தைக் கேட்பதற்குப் பதிலாகச் சொற்குறிப்பு அட்டவணை முழுவதையும் வீட்டுக்கு எடுத்துப்போய்த் தேடுவது போன்றது இது. எல்லோரும் ஒன்றையே கேட்பதால் கேள்வியில் ரகசியம் எதுவும் இல்லை.

இதற்கு விலை உண்டு. ஒரு பிளாக்கின் ஃபில்டர் சுமார் 20 கிலோபைட் வரும். நாளுக்குச் சராசரி 144 பிளாக்குகள், ஆகவே தினமும் 3 மெகாபைட் அளவு. ஒரு வாரம் திறக்காமல் விட்டால் 20 மெகாபைட். ஒரு சிறு காணொளிக்கு ஆகும் டேட்டாதான். ஆனால் பழைய வாலட்டை 12 சொற்களிலிருந்து மீட்டெடுக்கும்போது வருடக்கணக்கான ஃபில்டர்களைத் தேட வேண்டும். அப்போது பொறுமை வேண்டும், வைஃபையும் வேண்டும்.

ஃபில்டரில் நம் முகவரி தட்டுப்பட்டால் அந்தப் பிளாக் முழுவதையும் இறக்க வேண்டும். ஃபில்டர் தவறுதலாகக் கைகாட்டும் வாய்ப்பு முகவரி ஒன்றுக்கு 7,84,931-ல் ஒன்று. 100 முகவரிகள் இருந்தால் ஏறக்குறைய 54 நாளைக்கு ஒரு முறை தேவையில்லாத பிளாக் ஒன்றை இறக்குவோம். இறக்கும் டேட்டாவைப் பொறுத்தவரை இது நல்ல செய்தி. தனியுரிமைக்கு அவ்வளவு நல்லதல்ல. ஏனென்றால் நாம் கேட்கும் பிளாக்குகளில் அநேகமாக எல்லாவற்றிலும் நம் பரிவர்த்தனை இருக்கிறது என்று ஆகிறது. ஒரு பிளாக்கில் சில ஆயிரம் பரிவர்த்தனைகள் இருக்கும், அதில் நாம் ஒளிந்துகொள்ளலாம். ஆனால் ஒரே நோடிடம் பத்துப் பிளாக்குகளைக் கேட்டால், இந்தப் பத்திலும் வந்துபோன பணத்தடம் எது என்று தேடுகிறவருக்கு வட்டம் வேகமாகச் சுருங்கும். அதனால் ஒவ்வொரு பிளாக்கையும் வேறு வேறு நோடிடமிருந்து, முடிந்தால் டோர் என்ற மறைப்பு வலையமைப்பு வழியாக, இறக்கும் வாலட்தான் இந்த முறையை ஒழுங்காகச் செய்கிற வாலட். வசாபி வாலட் அப்படிச் செய்தது. பிட்காயின் மேல் இயங்கும் லைட்னிங் என்ற பணப் பரிமாற்ற வலையமைப்பின் உலகில் நியூட்ரினோ என்ற பெயரில் இதே ஃபில்டர் முறை போன்களுக்கு வந்தது.

டோர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். "நான் டோர் பயன்படுத்துகிறேன், எனக்குப் பிரச்சினையில்லை" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். டோர் ஐபி முகவரியை மறைக்கும். அது பெரிய உதவி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஒரே இணைப்பில் ஒரே சர்வரிடம் முப்பது முகவரிகளைக் கேட்டால், அந்த முப்பதும் ஒருவருடையவை என்பதை டோர் மறைக்காது. பெயர் தெரியாத ஒருவர் என்று மட்டும் ஆகும். முப்பதில் ஒரே ஒரு முகவரி அடையாள அட்டை கொடுத்துக் கணக்குத் திறந்த எக்ஸ்சேஞ்சிலிருந்து (நாணயம் வாங்கி விற்கும் இடம்) பணம் பெற்றிருந்தால் போதும், பெயரும் வந்துவிடும்.

பணம் அனுப்பும்போது இன்னொரு ஓட்டை. முழு நோடு மற்றவர்களின் பரிவர்த்தனைகளையும் வாங்கிக் கடத்துகிறது. அதனால் அதிலிருந்து ஒன்று வெளியே வந்தால் அது அதன் சொந்தப் பணமா, வேறு யாருடையதோ கடந்துபோகிறதா என்று உடனே சொல்ல முடியாது. லைட் வாலட் எதையும் கடத்துவதில்லை. அதிலிருந்து ஒரு பரிவர்த்தனை வருகிறது என்றாலே அது அதனுடையதுதான். இருப்பைப் பார்க்க எவ்வளவு கவனமாக இருந்தாலும், அனுப்பும்போது புதிய டோர் பாதை ஒன்றில், இருப்பைக் கேட்டவரல்லாத வேறொருவரிடம் கொடுத்தால்தான் அந்தக் கவனத்துக்குப் பொருள் இருக்கும்.

எத்தீரியம் என்ற வேறொரு பிளாக்செயினில் நிலைமை இதைவிடக் கடினம். அங்கே வழக்கமே ஒரு கணக்கு, ஒரு முகவரி. அதையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறார்கள். வாலட் தன்னோடு இயல்பாக அமைந்துவந்த சர்வரிடம் அந்த முகவரியை வெளிப்படையாகச் சொல்லியே இருப்பைக் கேட்கிறது. 2022 நவம்பரில் கான்சென்சிஸ் நிறுவனம், மெட்டாமாஸ்க் வாலட் இயல்பாக அமைந்த இன்ஃபுரா சேவை வழியாகப் பரிவர்த்தனை செய்யும்போது ஐபி முகவரியும் வாலட் முகவரியும் சேகரிக்கப்படுகின்றன என்று தன் கொள்கையில் எழுதியதும் பெரிய எதிர்ப்பு எழுந்தது. அடுத்த மாதமே அந்தத் தகவலை ஏழு நாட்களுக்கு மேல் வைத்திருக்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். என்னைப் பொறுத்தவரை, அவர்கள் எழுதி வைத்ததால் நமக்குத் தெரிந்தது. எழுதாமலே சேகரிக்கும் சர்வர்கள் எத்தனை இருக்கும்?

தனியுரிமையையே நோக்கமாகக் கொண்ட நாணயங்களிலும் லைட் வாலட் என்று வந்துவிட்டால் அதே கேள்வி வேறு உருவத்தில் வருகிறது. மொனேரோவில் தன் பணம் எது என்று கண்டுபிடிக்கப் பார்வைச்சாவி (வந்த பணத்தைப் பார்க்க மட்டும் உதவும் சாவி) வேண்டும். போனுக்குச் சுமை வேண்டாம் என்று அந்தச் சாவியைச் சர்வரிடம் கொடுக்கும் வாலட்கள் உண்டு. வேகம் கிடைக்கும், வந்த பணம் அத்தனையையும் சர்வர் பார்க்கும். 2022 ஆகஸ்டில் மொனேரோ, பரிவர்த்தனையில் ஒருவருக்குச் சேரும் ஒவ்வொரு பணத்துண்டோடும் ஒரே ஒரு பைட் அடையாளத்தைச் சேர்த்தது. அந்த ஒரு பைட்டைப் பார்த்தே சம்பந்தமில்லாதவற்றில் 256-ல் 255-ஐ வாலட் உடனே ஒதுக்கிவிடலாம். மீதிக்கு மட்டும் முழுக் கணக்குப் போட்டால் போதும். சாவியை யாரிடமும் கொடுக்காமல் போனிலேயே தேடுவது இதனால் எளிதானது. இப்படிப்பட்ட சின்ன மாற்றங்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைகிறது. ஜீகேஷ் (Zcash) நாணயத்தில் சர்வர் சுருக்கிய பிளாக்குகளை எல்லோருக்கும் ஒரே மாதிரி அனுப்புகிறது, வாலட் ஒவ்வொன்றையும் தன் சாவியால் திறந்து பார்க்கிறது. நல்ல வடிவமைப்பு. ஆனால் பணத்தோடு வந்த குறிப்பைப் படிக்க வேண்டுமென்றால் அந்தப் பரிவர்த்தனையை மட்டும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கேட்ட நொடியில் சர்வருக்குத் தெரிந்துவிடும்.

கேள்வியைச் சொல்லாமலே பதிலை வாங்க முடியுமா? முடியும் என்று 1995-லேயே நிறுவியிருக்கிறார்கள், சோர், கோல்ட்ரைக், குஷிலெவிட்ஸ், சூடான் ஆகிய நால்வர். அந்த உத்தியை முதன்முறை படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரே பட்டியலை வைத்திருக்கும் இரண்டு சர்வர்கள். இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. எனக்கு ஏழாவது வரி வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஏறக்குறைய பாதி வரி எண்களைத் தேர்ந்து, அந்த வரிகளையெல்லாம் கூட்டித் தரும்படி முதல் சர்வரிடம் கேட்கிறேன். இந்தக் கூட்டலில், ஒரே வரி இரண்டு முறை வந்தால் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அதே எண்களை இரண்டாவது சர்வருக்கும் அனுப்புகிறேன், ஒரே ஒரு மாற்றத்தோடு: ஏழு அதில் இருந்தால் எடுத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் சேர்த்துவிடுகிறேன். இரண்டு பதில்களையும் கூட்டினால் மற்ற எல்லா வரிகளும் இரண்டு முறை வந்து அழிந்துபோக, ஏழாவது வரி மட்டும் கையில் நிற்கும். இரண்டு சர்வர்களும் பார்த்தது வெறும் தற்செயல் எண்களை மட்டுமே.

அப்புறம் ஏன் எல்லா வாலட்களும் இதைச் செய்வதில்லை? சர்வர் ஒவ்வொரு கேள்விக்கும் பட்டியலில் ஏறக்குறைய பாதியைத் தொட்டுக் கூட்டியாக வேண்டும்.  கோடிக்கணக்கான முகவரிகளுக்கு, லட்சக்கணக்கான பயனர்களுக்கு இது பெரும் உழைப்பு. ஒரே சர்வரை வைத்துச் செய்யும் முறைகளும் பின்னால் வந்தன, அவற்றில் கணக்குச் சுமை இன்னும் அதிகம். ஆனால் இந்தத் துறையில் ஒவ்வொரு ஆண்டும் வேகம் கூடிக்கொண்டே வருகிறது. வாலட் எழுதுகிறவர்கள் இதை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது என் ஆசை. சர்வருக்குள்ளேயே பூட்டிய சிப் பகுதியில் கேள்வியை வைத்துப் பதில் சொல்லும் யோசனைகளும் உண்டு. அந்தப் பூட்டுகள் பலமுறை உடைக்கப்பட்டிருப்பதால் நான் அவற்றை நம்பி நிற்க மாட்டேன்.

இவ்வளவும் சொன்னபின் மிகச் சாதாரணமான ஓட்டைகளையும் சொல்லாமல் விட முடியாது. இருப்பை நம்மூர்ப் பணத்தில் காட்டுவதற்காக விலை கேட்கும் சர்வர், பணம் வந்ததும் அறிவிப்பு அனுப்பும் சேவை, ஆப் செயலிழந்தால் தகவல் அனுப்பும் பகுதி, பரிவர்த்தனையைத் தொட்டதும் பிரௌசரில் திறக்கும் பிளாக் எக்ஸ்புளோரர் பக்கம் (பிளாக்செயினில் முகவரிகளைத் தேடிக் காட்டும் இணையதளம்). கடைசியானதில் நானே பல வருடம் தவறு செய்திருக்கிறேன். வாலட்டில் அத்தனை கவனமாக இருந்துவிட்டு, "இன்னும் உறுதியாகவில்லையே" என்று என் முகவரியை எக்ஸ்புளோரரில் ஒட்டி, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே இருப்பேன். இப்போது காத்திருக்கப் பழகிவிட்டேன்.

வாலட் எழுதுகிறவர்களிடம் நான் வேண்டுவது பெரிதாக ஒன்றுமில்லை. முதல்முறை திறக்கும்போதே, "உங்கள் முகவரிகள் எல்லாவற்றையும் இந்தச் சர்வர் பார்க்கும்" என்று ஒரு வரி எழுதுங்கள். சர்வரை மாற்றும் வசதியை அமைப்புகளின் ஆறாவது அடுக்கில் ஒளித்து வைக்காமல் அந்த வரிக்குக் கீழேயே வையுங்கள். எக்ஸ்பப்பை எந்தக் காரணத்துக்காகவும் அனுப்பாதீர்கள். இயல்பமைப்பில் என்ன இருக்கிறதோ அதுதான் பெரும்பாலான பயனர்களுக்கு என்றென்றைக்கும் இருக்கப்போகிறது. அங்கே நீங்கள் எடுக்கும் முடிவு, பயனர் எடுக்காத ஆயிரம் முடிவுகளுக்குச் சமம்.

சொந்த நோடுதான் இன்றைக்கு எனக்குத் தெரிந்ததில் உறுதியான வழி. 600 ஜிபிக்கு இடமில்லாதவர்கள், பழைய பிளாக்குகளைக் கழித்துவிட்டு 550 மெகாபைட் பிளாக்குகளை மட்டும் வைத்துக்கொள்ளும் முறையில் பிட்காயின் கோரை ஓட்டலாம். முதல் தடவை முழுவதையும் இறக்கிச் சரிபார்த்தே ஆக வேண்டும், வைத்துக்கொள்ளத் தேவையில்லை. அப்படிக் கழித்த நோடோடும் வேலை செய்வதற்காக எலக்ட்ரம் பெர்சனல் சர்வர் போன்ற சிறிய மென்பொருள்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

போன வருடம் நெருங்கிய தோழி ஒருத்தி, தன் வாலட்டையும் என் நோடோடு இணைத்துத் தரும்படி கேட்டாள். சந்தோஷமாகச் செய்து கொடுத்தேன். டோர் முகவரியை அவள் போனில் ஏற்றி, பழைய சர்வரை நீக்கி, வாலட்டைத் திறக்கச் சொன்னேன். இணைந்துவிட்டதா என்று பார்க்க லேப்டாப் பக்கம் திரும்பினேன். வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவளுடைய முகவரிகள். முதல் நாள் என்னுடையவை ஓடியது போலவே, அதே வேகத்தில்.

அவளும் எட்டிப் பார்த்தாள். "அப்போ இனிமே என் கணக்கு முழுசும் உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்" என்றேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிவான லாகை நிறுத்தினேன், அதுவரை எழுதியிருந்த கோப்பையும் அழித்தேன். மறுபடி எழுத ஆரம்பிக்க எனக்கு ஒரு வரி மாற்றினால் போதும் என்பதையும் அவளிடம் சொன்னேன். அடுத்த மாதம் அவள் ஒரு பழைய கணினியைத் தேடிப்பிடித்து எடுத்து வந்தாள். முழுச் செயினையும் இறக்கி முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று.